புதைபடிவம் எப்படி உருவாகிறது? பெரம்பலூர் ‘டைனோசர் முட்டை’களை முன்வைத்து ஒரு விளக்கம்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் ஒரு நீர்நிலையில் வண்டல் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. உடனே ‘டைனோசர் முட்டைகள் கண்டெடுப்பு’ என்று படங்கள் வாட்ஸ்அப்பில் பரவின, செய்தியும் ஆனது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு இவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றிப் படிவு இறுகி உண்டான உருண்டைகள் என்றார்கள். மறுப்பு வந்ததே தவிர விளக்கம் போய்ச் சேரவில்லை. பெரம்பலூரில் கடல் உயிரி எங்கிருந்து வந்தது? செத்த உயிரியைச் சுற்றி எப்படி ஒரு கல் உருண்டை உண்டாகும்? முட்டை இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இதற்கெல்லாம் பதில் வேண்டுமென்றால், செத்துப்போன ஒரு செடியோ விலங்கோ கல்லுக்குள் தங்கிவிடும் வழியைக் கொஞ்சம் அடியிலிருந்து பார்க்க வேண்டும். ‘கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்தால் எலும்பு கல்லாகிவிடும்’ என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். அதில் முக்கியமான இடத்தில் ஒரு தவறு இருக்கிறது. காலம் மட்டும் எதையும் கல்லாக்குவதில்லை. ஒரு உடல் புதைபடிவம் ஆகுமா ஆகாதா என்பது பெரும்பாலும் அது செத்த பிறகு வரும் முதல் சில நாட்களிலும் ஆண்டுகளிலும், அதைச் சுற்றியுள்ள மண்ணும் நீரும் என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்தே முடிவாகிவிடுகிறது. மீதிக் கோடி ஆண்டுகளும் அது அழியாமல் கிடந்த காலம், அவ்வளவுதான்.

எதைப் புதைபடிவம் என்கிறோம்

பழங்காலத்து உயிர் ஒன்றின் உடலோ, உடலின் ஒரு பகுதியோ, அது வாழ்ந்ததற்கான தடயமோ பாறையிலோ மண்ணடுக்கிலோ தங்கியிருந்தால் அது புதைபடிவம். தொல்லுயிர் எச்சம் என்றும் எழுதுகிறார்கள், பேச்சில் ஃபாசில். வழக்கமாக 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டதைத்தான் இப்படிச் சொல்வது, ஆனால் அது வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை.

கல்லாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சைபீரியாவின் உறைமண்ணில் ரோமத்தோடு கிடைக்கும் மாமத் யானையும், மரப்பிசினில் சிக்கி அப்படியே இருக்கும் பூச்சியும் இந்தக் கணக்கில் வரும். உடலே இல்லாமல் தடயம் மட்டும் இருந்தாலும் புதைபடிவம்தான்: சேற்றில் பதிந்த கால்தடம், நண்டோ புழுவோ குடைந்த வளை, காய்ந்து கல்லான சாணம். இந்தத் தடயப் படிவங்களைப் பலர் இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எலும்பை ஆறு வேறெங்கோ அடித்துக்கொண்டு போயிருக்கலாம், கால்தடத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. அந்த விலங்கு அந்த இடத்தில், அந்தச் சேற்றில், உயிரோடு நடந்தது என்பதற்கு அதுதான் நேரடிச் சாட்சி.

அழுகுவது முந்தினால் எதுவும் மிஞ்சாது

காட்டில் ஒரு மான் செத்தால் நரியும் கழுகும் முதலில் வரும், அப்புறம் ஈ, எறும்பு, வண்டு, கடைசியில் பூஞ்சையும் பாக்டீரியாவும். சதை போன பிறகு எலும்பு வெயிலில் வெளுத்து வெடிக்கிறது, மழையில் ஊறுகிறது, மண் அமிலத்தன்மை உள்ளதாக இருந்தால் கரைந்தே போகிறது. சில ஆண்டுகளில் அங்கே ஒரு மான் இருந்தது என்பதற்கான அடையாளமே இராது. உலகில் செத்த உயிர்களில் மிகப் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். புதைபடிவம் ஆவது விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கு நடக்க, பொதுவாக மூன்று விஷயங்கள் சேர்ந்து வர வேண்டும்.

1. உடல் சீக்கிரம் மூடப்பட வேண்டும். வெள்ளம் கொண்டுவரும் வண்டல், கடலடிச் சேறு, எரிமலைச் சாம்பல், சரிந்து விழும் மணல் என்று எதுவானாலும் சரி.

2. மூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அழுகுவது நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் வேலையைத் தொடரும். ஆனால் சேற்றைக் கிளறி உடலைத் தின்னும் புழு, நண்டு போன்றவை அங்கே வாழ முடியாது. அதுவே பாதி பாதுகாப்பு.

3. சுற்றியுள்ள நீரில் கரைந்த தாதுக்கள் இருக்க வேண்டும், அவை உடலின் மேலோ உள்ளேயோ படிவதற்கான வேதிச் சூழலும் அமைய வேண்டும்.

கூடவே எலும்பு, பல், ஓடு, மரக்கட்டை மாதிரி எளிதில் அழியாத பகுதி ஏதாவது உடலில் இருந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடும். பல்லின் எனாமல்தான் விலங்கின் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதனால் எத்தனையோ பாலூட்டிகளை அறிவியல் பல்லை மட்டும் வைத்தே அறிந்திருக்கிறது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. நமக்குக் கிடைக்கும் புதைபடிவங்கள் பழைய உலகின் நேர்மையான கணக்கெடுப்பு அல்ல. ஆழமில்லாத கடல், ஏரி, ஆற்றுப் படுகை, கழிமுகம் ஆகிய இடங்களில் வாழ்ந்தவை அதிகமாகவும், மலைச்சரிவிலும் மழைக்காட்டிலும் வாழ்ந்தவை மிகக் குறைவாகவும் தங்கின. சாவுக்கும் கண்டெடுப்புக்கும் நடுவில் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்வதே தனித் துறை. 1940-இல் ரஷ்யத் தொல்லுயிரியலாளர் இவான் எஃப்ரெமோவ் அதற்கு டஃபோனமி என்று பெயர் வைத்தார்.

இப்போது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருவோம். கிரெட்டேசியக் காலத்தில், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய இந்தப் பகுதிக்குள் கடல் புகுந்தது. அதன் பிறகு பல முறை முன்னேறியும் பின்வாங்கியும் அங்கேயே இருந்தது. களிமண், மணல், சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காகப் படிவு சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து நிலவியலாளர்கள் வரைபடம் போட்டுவிட்டார்கள். ஆழம் குறைந்த, உயிர்கள் நிறைந்த, சேறு விழுந்துகொண்டே இருக்கிற கடல் என்றால் புதைபடிவத்துக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சில அடுக்குகள் முழுக்கச் சிப்பிகளாலேயே ஆனவை. அங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணமே அந்தக் கடல்தான். நாம் வீடு கட்டுகிற சிமென்ட்டில் ஒரு பங்கு, ஒரு காலத்தில் அந்தக் கடலில் உயிரோடு இருந்த ஓடுகள்.

புதைந்த பிறகு என்ன நடக்கிறது

உடல் மண்ணுக்குள் போன பிறகு நடப்பது ஒரே மாதிரியானது அல்ல. முக்கியமான வழிகள் இவை. ஒரே புதைபடிவத்தில் இரண்டு மூன்று வழிகள் சேர்ந்து நடப்பதும் சகஜம்.

1. இடைவெளி நிரம்புதல். எலும்பு பார்ப்பதற்குத்தான் கெட்டி, உள்ளே ரத்தக்குழாய் ஓடிய வழிகளும் நுண்துளைகளும் நிறைய. நிலத்தடி நீர் அவற்றுக்குள் ஊறி, தன்னிடம் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தையோ சிலிக்காவையோ (மணலில் நிறைய இருக்கும் தாது) இரும்பையோ அங்கே படியவைக்கிறது. எலும்பு கனக்கிறது, கல்போல் ஆகிறது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், எலும்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது ஏற்கெனவே தாதுதான், கால்சியம் பாஸ்பேட். அது புதைந்த பிறகு ஃபுளோரின் போன்றவற்றை மெல்ல ஏற்றுக்கொண்டு இன்னும் நிலையான தாதுவாக மாறுகிறது. ஆகவே டைனோசர் எலும்பு என்பது முழுக்க வேறு கல் வந்து உட்கார்ந்த இடம் அல்ல, பல சமயம் அந்த விலங்கின் சொந்தத் தாதுவும் அதிலேயே மாறிய வடிவில் இருக்கிறது.

2. பதிலீடு. பழைய பொருள் கரையக் கரைய அதே இடத்தில் புதிய தாது படிவது. சேற்றில் சல்ஃபேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் சல்ஃபைடை வெளிவிடும், அது இரும்போடு சேர்ந்தால் பைரைட் என்ற பொன்னிறத் தாது. நியூயார்க் மாநிலத்தில் பீச்சரின் டிரைலோபைட் படுகை என்ற இடத்தில் கிடைத்த டிரைலோபைட்டுகளுக்கு (எப்போதோ அழிந்துபோன, பல கால்களுள்ள கடல் உயிரிகள்), வேறெங்கும் அழிந்துபோகும் கால்களும் உணர்கொம்புகளும்கூடப் பைரைட்டாக மாறித் தங்கியிருக்கின்றன. அழுகவைக்கும் பாக்டீரியாவே காப்பாற்றியும் கொடுக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த உண்மை. இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெரம்பலூர் உருண்டைக்கு இது மறுபடி வேண்டும்.

3. அச்சும் வார்ப்பும். ஓட்டுக்குள் சேறு புகுந்து கெட்டியாகிறது. அப்புறம் ஓடு கரைந்துவிடுகிறது. கொழுக்கட்டை அச்சை எடுத்துவிட்டால் மாவில் வடிவம் நிற்பது போல, ஓட்டின் உள்வடிவம் கல்லில் நிற்கிறது. அம்மோனைட் ஓடு அரகோனைட் என்ற தாதுவால் ஆனது, அது எளிதில் கரையும். பல சிப்பிகளின் ஓடு கால்சைட், அது தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஒரே பாறையில் சிப்பி ஓட்டோடும் அம்மோனைட் வெறும் உள்ளச்சாகவும் கிடைக்கும். அம்மோனைட் மேல் இலை நரம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளறைச் சுவர்கள் ஓட்டோடு ஒட்டிய இடம் அது. ஓடு இருந்தால் அந்தக் கோடு வெளியே தெரியாது, ஓடு போனதால்தான் தெரிகிறது.

4. கரியாதல். இலை, மீன், பூச்சி போன்றவை படிவின் எடையில் நசுங்கி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறி, மெல்லிய கரிப்படலமாக மிஞ்சுவது. இலையின் நரம்பு வரை தெரியும்.

5. முழுசாக மூடப்படுதல். மரப்பிசின், பனி, தார்க்குட்டை. மியான்மரில் கிடைத்த சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழைய அம்பர் (இறுகிய மரப்பிசின்) ஒன்றில் சிறு டைனோசர் வாலின் ஒரு துண்டு இறகோடு இருந்ததை 2016-இல் அறிவித்தார்கள். இதை வைத்து டைனோசரை மறுபடி உருவாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்து 2012-இல் செய்த கணக்கில் டிஎன்ஏ-வின் அரைவாழ்வு, அதாவது பாதி அழியப் பிடிக்கும் காலம், 521 ஆண்டுகள்தான் வந்தது. குளிர்ந்த இடத்தில் அதிகம் தாங்கும், கிரீன்லாந்தில் சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழைய டிஎன்ஏ-வை 2022-இல் படித்திருக்கிறார்கள். ஆனால் டைனோசர் காலம் முடிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

சரி, அந்த உருண்டைகள்?

அம்மோனைட் என்பது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான, சுருண்ட ஓடு உள்ள கடல் உயிரி. டைனோசர்கள் அழிந்த அதே சமயத்தில் அவையும் முழுசாக அழிந்துபோயின. ஒரு அம்மோனைட் செத்துக் கடலடிச் சேற்றில் விழுந்து மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சதை அழுகத் தொடங்குகிறது. அழுகும்போது கார்பன் சேர்ந்த பொருட்கள் வெளியே கசிந்து, சுற்றியுள்ள சேற்றுநீரில் பைகார்பனேட் அளவைக் கூட்டுகின்றன. அந்த நீரில் கடலின் கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அது சேற்றுத் துகள்களுக்கு நடுவே படிந்து அவற்றை ஒட்டவைக்கிறது. நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கசிவு பரவுவதால் உண்டாகிற கட்டியும் உருண்டையாகவே வருகிறது.

ஆக, அந்தக் கல்லை உருட்டியது அழுகல். உள்ளே இருந்த உயிரி தன்னைச் சுற்றியிருந்த சேற்றைத் தானே கல்லாக்கிக்கொண்டது. இதற்குக் கோடி ஆண்டும் வேண்டாம். ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், யானைத் தந்தம் போன்ற வடிவில் ஓடு உள்ள கடல் உயிரிகளைச் சுற்றிய சிறு உருண்டைகளை ஆராய்ந்து, அவை சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்று 2015-இல் கணக்கிட்டார்கள். பெரியதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும். ஆனாலும் சுற்றியுள்ள சேறு அழுந்திப் பாறையாவதற்கு முன்பே உருண்டை இறுகிவிடுவதால்தான் உள்ளே இருக்கும் ஓடு நசுங்காமல் முழு வடிவத்தில் கிடைக்கிறது.

வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய விஷயமாகவே இருக்காது. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கறுப்பு உருண்டைக் கற்கள் இதே வழியில் உண்டானவை. உள்ளே சக்கரமாகத் தெரிவது ஜுராசிக் காலத்து அம்மோனைட்டின் சுருள். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் சேற்றில் அவை படிந்தன.

முட்டையா உருண்டையா என்று நிலவியலாளர்கள் பிரித்துப் பார்ப்பது இப்படி:

1. ஓடு இருக்கிறதா? டைனோசர் முட்டைக்குத் தனியாக, சில மில்லிமீட்டர் தடிமனில், கால்சைட்டால் ஆன ஓடு உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் நெருக்கமாக அடுக்கிய படிகங்களும் காற்றுப் போகும் துளைகளும் தெரியும். உருண்டைக்கு அப்படி ஒரு தோலே கிடையாது, வெளிப்பக்கமும் உள்பக்கமும் அதே இறுகிய மண்.

2. அளவு ஒத்துப்போகிறதா? ஒரே கூட்டில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உருண்டைகள் எலுமிச்சையிலிருந்து பூசணி வரைக்கும் எப்படி வேண்டுமானாலும் இருக்கும்.

3. எந்தப் படிவில் கிடைத்தது? டைனோசர் தரையில் முட்டையிட்ட விலங்கு. கடலடிக் களிமண்ணில், கடல் ஓடுகளுக்கு நடுவே கூடு இருக்க வழியில்லை. இந்த ஒரு கேள்வியே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

இந்தியாவில் உண்மையான டைனோசர் முட்டைகள் இல்லாமல் இல்லை. குஜராத்தின் பாலாசினோர் பகுதி இதற்குப் பேர்போனது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பதிவுசெய்த ஆய்வு 2023 ஜனவரியில் வந்தது. அவையெல்லாம் நிலத்தில் படிந்த லமேட்டா அடுக்கில் கிடைத்தவை.

திருவக்கரையில் கல், நெய்வேலியில் கரி

மண்ணும் நீரும்தான் விதியைத் தீர்மானிக்கின்றன என்று ஆரம்பத்தில் சொன்னதற்குத் தமிழ்நாட்டிலேயே அருமையான சாட்சி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் தரையில் கிடக்கின்றன, கடலூர் மணற்கல் என்ற படிவில், சுமார் 2 கோடி ஆண்டுப் பழையவை என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அங்கிருந்து தெற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால் நெய்வேலி. அங்கே அதே கடலூர் மணற்கல்லுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. அதுவும் மரம்தான், செடிகொடிதான். ஒரு இடத்தில் சுத்தியலால் தட்டினால் மணியடிக்கும் கல், இன்னொரு இடத்தில் எரித்தால் மின்சாரம்.

திருவக்கரையில் நடந்தது சிலிக்கா ஏறுதல். மணற்படுகைக்குள் ஓடும் நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்திருக்கும், பாறைகள் சிதைவதிலிருந்தோ எரிமலைச் சாம்பலிலிருந்தோ அது வரும். மரத்தின் செல் சுவர்களில் உள்ள செல்லுலோஸும் லிக்னினும் சிலிக்கா ஒட்டிக்கொள்ள நல்ல தளம். முதலில் சுவரில் படலமாகப் படிந்து, பிறகு செல்லின் உள்வெளியை நிரப்பி, கடைசியில் குவார்ட்சாக இறுகுகிறது. செல் செல்லாக நடப்பதால், கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் அமைப்பு அப்படியே தெரியும், எந்த மரக் குடும்பம் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இங்கும் காலம் முதல் காரணம் இல்லை. ஜப்பானின் தத்தேயாமா பகுதியில் சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். 7 ஆண்டுகளில் சில துண்டுகளின் எடையில் 40 சதவீதம் வரை சிலிக்கா ஏறியிருந்தது. இந்த முடிவு 2004-இல் வெளியானது. சாதாரண நிலத்தடி நீரில் இவ்வளவு வேகம் வராது, ஆனால் கோடி ஆண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை.

திருவக்கரை மரங்களுக்கு வேரும் கிளையும் இலையும் இல்லை, எல்லாம் படுத்த நிலையில் கிடக்கின்றன. அவை அங்கே முளைத்தவை அல்ல, வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம் இன்னும் பழையது. 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவுசெய்தார். அது கிடப்பது கடல் படிவில், அதாவது கரையில் நின்ற மரம் ஆற்றோடு மிதந்து கடலுக்குள் போய் மூழ்கியிருக்கிறது.

நெய்வேலியில் வேறு கதை. சதுப்பில் தாவரங்கள் விழுந்து குவிந்துகொண்டே இருந்தன. தேங்கிய நீரில் ஆக்சிஜன் இல்லை, சிலிக்கா சுமந்து ஓடும் நீரும் உள்ளே ஊறிச் செல்லவில்லை. முழுசாக அழுகாத குவியல் மேலே விழுந்த படிவின் எடையில் அழுந்தி, நீர் வெளியேறி, கார்பன் செறிவு கூடிப் பழுப்பு நிலக்கரி ஆனது. பெட்ரோல் டைனோசரிலிருந்து வந்தது என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம்: அது பெரும்பாலும் கடலின் நுண்பாசிகளும் மிதவை உயிர்களும் சேற்றில் புதைந்து வெந்ததால் உண்டானது.

வயதைக் கார்பன் வைத்துக் கணிப்பதில்லை

ஒவ்வொரு புதைபடிவச் செய்தியிலும் ‘கார்பன் டேட்டிங் செய்தால் வயது தெரியும்’ என்ற வரி எங்காவது வந்துவிடுகிறது. கார்பன்-14-இன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்குமேல் போனால் அளக்கத்தக்க அளவுக்கு எதுவும் மிச்சமிருக்காது. கீழடிக் கரித்துண்டுக்கு அது பொருந்தும், அரியலூர் அம்மோனைட்டுக்குப் பொருந்தாது.

கோடிக் கணக்கிலான வயதுக்கு இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். புதைபடிவ அடுக்குக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பலோ எரிமலைக் குழம்போ இருந்தால், அதிலுள்ள சிர்கான் படிகத்தில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து ஆண்டுக் கணக்குப் பெறலாம். அப்படி ஒன்றும் இல்லாத அடுக்குகளில் புதைபடிவங்களே அளவுகோல். அம்மோனைட்டுகள் வேகமாக இனம் மாறிக்கொண்டே இருந்தவை, கடல் வழியே உலகெங்கும் பரவியவை. ஒரு குறிப்பிட்ட இனம் அரியலூரிலும் ஐரோப்பாவிலும் கிடைத்தால் அந்த இரண்டு அடுக்குகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. அலங்காரத்துக்கு ஒரு அம்மோனைட்டைப் பெயர்த்து எடுத்துவந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்: எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத அம்மோனைட்டால் அடுக்கின் வயதைச் சொல்ல முடியாது, அடுக்காலும் அதற்கு வயது சொல்ல முடியாது.

வெளியே வந்த பிறகுதான் ஆபத்து

கல்லாகிவிட்டது, இனி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறோம். அரியலூர் மாவட்டம் கல்லமேடு பக்கத்தில் கிடைத்த பெரிய எலும்புகளின் கதை அப்படி நினைக்க விடாது. 1980-களில் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அவற்றை ஒரு டைனோசரின் எலும்புகள் என்று விவரித்து ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த அளவு சரியென்றால் உலகில் வாழ்ந்த மிகப்பெரிய தரைவிலங்குகளில் ஒன்று நம் ஊரில் நடமாடியது. ஆனால் எலும்புகள் இன்று இல்லை. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கியவை, வெளியே எடுத்த பிறகு உதிர்ந்து போய்விட்டன. எலும்பே இல்லை என்பதால் அது உண்மையில் கல்மரமாக இருக்கலாம் என்ற சந்தேகம்கூட ஆய்வாளர்களிடையே எழுந்தது. பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளியான பிறகுதான் அது எலும்பு என்ற வாதத்துக்குப் பலம் கிடைத்தது.

ஏன் உதிர்கிறது? மண்ணுக்குள் ஈரமும் வெப்பமும் மாறாமல் இருந்தன. வெளியே வந்ததும் மழையில் களிமண் உப்புகிறது, வெயிலில் சுருங்கி வெடிக்கிறது, அதோடு ஒட்டியிருக்கும் எலும்பும் வெடிக்கிறது. நுண்துளைகளில் இருக்கும் உப்பு படிகமாகி உள்ளிருந்து தள்ளுகிறது. பைரைட் இருந்தால் காற்றும் ஈரமும் பட்டு அமிலமாகி எலும்பையே தின்னும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இது நடந்திருக்கிறது.

மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் புவிப் பாரம்பரிய இடங்களுக்கும் புதைபடிவம் போன்ற எச்சங்களுக்கும் பாதுகாப்புச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. திருவக்கரையும் சாத்தனூரும் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட இடங்கள். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் ஏரி தூர்வாரும்போதும் கிணறு வெட்டும்போதும் வெளிவருவதற்கெல்லாம் காவலாள் போட முடியாது, முதலில் பார்ப்பது அங்கே வேலை செய்கிறவர்தான். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது இவ்வளவே:

1. கிடக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவையோ ஸ்கேலையோ வைத்து. கல்லை மட்டும் எடுத்தால் போதாது, அது பதிந்திருக்கும் மண்சுவரும் சேர்ந்து தெரிய வேண்டும்.

2. கைபேசியில் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள், தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்றும்.

3. உடைத்துப் பார்க்காதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள்.

4. வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள், மழைக்காலமாக இருந்தால் அன்றைக்கே. அதுவரை ஈரமும் வெயிலும் நேராகப் படாமல் ஒரு சாக்கைப் போட்டு மூடி, மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளிவைத்தால் போதும்.